இரவில் வண்டி எங்கே நிற்கும்?

ஆடியிலும் ஆவணியிலும் ஊருக்கு வரும் எங்கள் உறவுகளுக்கு, கொம்பனித்தெருவிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமார், மருமக்கள், பெறாமக்கள் எல்லோருக்கும்,

இந்த வருடம் உங்கள் கேள்வி மாறிவிட்டது. "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வாறம், நல்ல ட்ரைவரோட ஒரு கேடிஎச் வேன் பிடிச்சு வையுங்கோ" என்பதுதான் வழமை. இப்போது படுத்தெழும்பக்கூடிய வேன் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். சூரிச்சில் இருக்கும் மருமகள் ஒருத்தி, ஏரிக்கரையில் நிற்கும் வெள்ளை வண்டி ஒன்றின் படத்தை அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: "மாமா, மூண்டு கிழமை இதிலதான் நிண்டனாங்கள். பிள்ளையளுக்கு வேற ஒண்டும் வேண்டாமாம். இலங்கையிலயும் இப்பிடி ஒண்டு எடுக்கலாமே? ஹோட்டலும் வேண்டாம், சொந்தக்காரருக்குக் கரைச்சலும் வேண்டாம்."

அந்தக் கடைசி வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

நான் 24 வருடம் ஹயர் ஓடியவன். அப்பாவும் அதே தொழில்தான். கரவெட்டியிலிருந்து கொழும்புக்கு வந்து கொம்பனித்தெருவில் ஒரு அறை எடுத்து, டெலிக்கா வேன் ஒன்றோடு தொடங்கியவர். இப்போது என் முழங்கால் நீண்ட ஓட்டத்துக்கு விடுவதில்லை. ஒழுங்கை முடிவில் கராஜ் வைத்திருக்கும் மலே நண்பரோடு சேர்ந்து பழைய வேன்களுக்குள் கட்டிலும் அலுமாரியும் அடித்துக் கொடுக்கிறேன். பிளைவூட் பலகை, றெக்சின் துணி, பற்றரி, கூரையில் சோலர் தகடு, ஒரு தண்ணீர்த் தாங்கி. ஆகவே வீட்டு வண்டியில் வராதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வாருங்கள். எப்படி வருவது, எங்கே நிற்பது என்பதைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் 'கரவன்' என்றால் நிசான் கம்பனியின் வேன். தமிழ்நாட்டில் 'கேரவன்' என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் இருக்கும் குளிரூட்டிய வண்டி. சுவிஸிலும் ஜேர்மனியிலும் உங்கள் பிள்ளைகள் 'வோன்மொபில்' என்கிறார்கள், பிரான்ஸில் 'காம்பிங் கார்', கனடாவில் 'ஆர்வி'. படுக்கை, குசினி, கக்கூஸ் மூன்றையும் சில்லின் மேல் ஏற்றிய வீடு. வெள்ளைக்காரரிடையேகூட இது ஒரு வைத்தியரின் ஆசையில் தொடங்கியதுதான். 1885 இல் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 'வாண்டரர்' என்று பெயரிட்ட, குதிரைகள் இழுக்கும் வண்டி வீட்டைச் செய்வித்துப் பிரித்தானியாவைச் சுற்றினார். 1931 இல் ஜேர்மனியில் சாட்டையும் பனிச்சறுக்குத் தடியும் செய்துவந்த ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ், தொழில் விஷயமாகப் போகும்போது மனைவியைப் பிரிந்திருக்க விரும்பாமல், கார் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி ஒன்றைக் கட்டினார். பிறகு அது தொழிற்சாலையாயிற்று.

கொரோனா வந்து விமானங்கள் நின்றபோதுதான் இந்த ஆசை பெருகியது. 2020 இல் ஜேர்மனியில் மட்டும் 78,000 புதிய மோட்டார் வீடுகள் பதிவாயின. அமெரிக்காவின் தொழிற்சாலைகள் 2021 இல் 600,000க்கும் மேற்பட்ட வீட்டு வண்டிகளை அனுப்பின, அதுவரை இல்லாத தொகை. கேரளா அதே 2021 இல் 'கேரவன் கேரளா' என்று தனிக் கொள்கையே அறிவித்து, பிறகு வாகமண் மலையில் முதல் வண்டித் தரிப்பிடத்தைத் திறந்தது. ஜப்பானியர்கள் டொயோட்டா ஹையேஸ் வேனையே வீடாக்குகிறார்கள். அந்த ஹையேஸ்தான் எங்கள் ஒழுங்கையிலும் நிற்கிறது. 2020 பங்குனியில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய 'டொல்பின்' வேன் ஒன்று வைத்திருந்தவன் பொன் வைத்திருந்தவன் மாதிரி. அதனால்தான் இங்கே புதிதாக வாங்குவதை விட இருப்பதைப் பிரித்துக் கட்டும் கை வளர்ந்தது.

வேனுக்குள் இரவைக் கழிப்பது என்றால் என்ன என்று நான் படித்தது உல்லாசப் பயணத்தில் அல்ல, 2022 ஆடி மாதத்து டீசல் வரிசையில். மூன்று இரவுகள். வண்டியை விட்டுப் போனால் இடம் போய்விடும். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் நுளம்பு. இரவு ஒரு மணிக்கும் கூரைத் தகரம் பகல் வெயிலைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. ஆனால் என்னை அலைக்கழித்தது வெக்கையோ நுளம்போ அல்ல, கக்கூஸ். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அதே பாடு. இரண்டாம் நாள் விடிய, வீதியோரத்து வீடு ஒன்றில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் கேற்றைத் திறந்து, வளவுக்குள் இருந்த கக்கூஸையும் பைப்பையும் காட்டினார். எங்களில் எத்தனை பேர் அங்கே போய் வந்தோம் என்று எனக்குக் கணக்கில்லை. கடைசி நாள் நாலைந்து பேராகச் சேர்ந்து அதைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த மூன்று நாளும் என் வேனை வீடாக வைத்திருந்தது அந்தக் கேற்றுத்தான்.

நீங்கள் அங்கே ஓட்டும் வண்டிக்கும் அப்படித்தான். உங்கள் வண்டியில் கக்கூஸ் இருக்கிறது, உண்மை. ஆனால் அது ஒரு பெட்டி. இரண்டு மூன்று நாளில் நிரம்பும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் இன்னொரு தாங்கியில் சேரும். குடிதண்ணீர்த் தாங்கி வெறுமையாகும். ஐரோப்பாவில் இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே உங்களுக்காக ஒருவர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். பிரான்ஸில் சின்னச் சின்ன ஊர்களின் நகரசபைகளே தரிப்பிடம் நடத்துகின்றன. காசைப் போட்டால் தண்ணீர் வரும், பக்கத்தில் கழிவை ஊற்ற மூடியோடு ஒரு குழி. அங்கே முந்திரிகைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் தங்கள் வளவில் ஓர் இரவு நிற்க விடும் 'பிரான்ஸ் பாஸியோன்' என்ற ஏற்பாடு 1990களிலிருந்து நடக்கிறது. ஜப்பானில் 1993 இல் தொடங்கிய வீதியோர நிலையங்கள் இப்போது 1,200க்கு மேல். கக்கூஸ், தண்ணீர், அந்த ஊர் மரக்கறி விற்கும் கடை எல்லாம் ஒரே இடத்தில். நோர்வேயில் இருப்பவர்கள், காட்டிலும் கரையிலும் யாரும் கூடாரம் போடலாம் என்ற 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சட்டத்திலும் ஆளிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளிப் போ என்று எழுதியிருக்கிறது, அதுவும் கூடாரத்துக்குத்தான், மோட்டார் வண்டிக்கல்ல. ஆகவே சுதந்திரம் வண்டியோடு வருவதில்லை. ஏதோ ஓர் ஊர்ச்சபை, யாரோ ஒரு தோட்டக்காரன் அதைத் தருகிறான். சொந்தக்காரருக்குக் கரைச்சல் இல்லை என்று நீங்கள் சொல்லும்போது, அந்தக் கரைச்சலை அங்கே எடுத்துக்கொண்டவரை நீங்கள் காணவில்லை, அவ்வளவுதான்.

இங்கே அப்படி யாரும் இன்னும் இல்லை. கொம்பனித்தெருவையே எடுங்கள். பேய்ரா வாவியைச் சுற்றி அறுபது எழுபது மாடிக்கு எழும்பிவிட்டது, ஒரு வீட்டு வண்டி இரவில் நின்று தண்ணீர் பிடிக்க ஓர் இடமில்லை. வனசீவராசிகள் திணைக்களம் தன் காடுகளில் கூடாரத் தரிப்பிடங்கள் வைத்திருக்கிறது, முன்கூட்டியே பதிந்துதான் போகவேண்டும். மிச்சமெல்லாம் அவரவர் துணிச்சல்.

போன பங்குனியில், முடித்த முதல் வேனை ஓட்டிப் பார்க்கவென்று நானும் கராஜ் நண்பரும் வன்னிக்குப் போனோம். புதுக்குடியிருப்புப் பக்கம் பின்னேரம் ஆகிவிட்டது. வீதியோரத்து மரமொன்றின் கீழ் நிற்பாட்டி, பின்கதவைத் திறந்து, மெத்தையைக் காற்றாட விட்டு, அடுப்பில் கேத்தலை வைத்தோம். சட்டி பானையைக் கழுவிக் கதவடியில் கவிழ்த்திருந்தோம். ஆடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஆச்சி நின்றார். வேனைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எங்கயிருந்து தம்பியவை இடம்பெயர்ந்து வாறியள்? திரும்பவும் ஏதும் தொடங்கிட்டுதோ?"

எனக்கு வாய் வரவில்லை. கேத்தல் கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. நண்பர்தான், "இல்லையம்மா, சும்மா சுத்திப் பாக்க வந்தனாங்கள்" என்றார். ஆச்சி நம்பினாரோ தெரியாது. "சும்மா வந்தனியள் எண்டா ஏன் றோட்டில நிக்கிறியள், முத்தத்தில கொண்டு வந்து விடுங்கோ, கிணறு கிடக்கு" என்று சொல்லிவிட்டு ஆடுகளோடு முன்னால் நடந்தார். அன்றிரவு அவருடைய முற்றத்தில்தான் வேன் நின்றது.

உங்களில் பலர் 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு யுத்தத்தில் இடம்பெயர்ந்த அந்த நெரிசலில் நடந்தவர்கள். சைக்கிளில் அரிசி மூட்டை, ட்ராக்டர் பெட்டிக்குள் அம்மி, அதன் மேல் பாட்டி. வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. 2009 இல் வன்னியில் வீடென்பது தறப்பாள். அதற்கு முன் 1990 ஐப்பசியில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வண்டியில் ஏற்றவும் அவர்களுக்கு ஒன்றும் விடப்படவில்லை. அவர்களில் யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். புத்தளம் வழியாகப் போகும்போது அவர்களின் பிள்ளைகள் வளர்ந்த ஊர்களைக் கடந்துதான் போவீர்கள். கொம்பனித்தெருவிலும் 2010 வைகாசியில் மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தபோது, சனங்கள் கதவு, யன்னல், மின்விசிறி என்று கையில் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு நின்றதை நான் கண்டேன். வீட்டை வண்டியில் ஏற்றுவது எங்கள் சனத்துக்கு ஒரு விளையாட்டாக வந்து சேர எவ்வளவு காலம் எடுத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது விளையாட்டாகவே வந்து சேரட்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன், உங்கள் பிள்ளைகளுக்கு மெத்தை அடிக்கும்போது அந்த நினைப்போடுதான் அடிக்கிறேன். ஆனால் அந்த ஆச்சியைக் கடந்து போகாமல் வாருங்கள். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல வண்டியை நிற்பாட்டுங்கள்.

பயணம் போகிறவனுக்கு இடம் வைப்பது எங்களுக்குத் தெரியாத விஷயமே அல்ல. பருத்தித்துறையில் தெருமூடி மடத்தைப் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு மேலேயே கூரை, இரண்டு பக்கமும் கல் தூண், திண்ணை. இன்றைக்கும் அதன் கீழால்தான் வாகனம் போகிறது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்னும் தேடினால் அகப்படும்: ஒரு மடம், அதன் அருகே கிணறோ கேணியோ, தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, மாடு உடம்பு உரஞ்ச ஆவுரோஞ்சிக் கல். மாட்டின் முதுகு தினவெடுக்கும் என்பதையும் நினைத்து ஒரு கல்லை நட்டவர்கள் எங்கள் ஆட்கள். சிங்கள ஊர்களில் அம்பலம் என்று இதையே கட்டினார்கள். பனாவிட்டிய அம்பலத்தின் மரத்தூண் சித்திரங்களைப் பார்க்க இப்போது வெளிநாட்டார் வருகிறார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் மடங்கள் இன்றைக்கும் சோறு போடுகின்றன. அன்னதானக் கந்தன் என்று முருகனுக்குப் பெயரே அப்படி வந்தது. அங்கிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடந்து போகிறவர்கள் இத்தனை நாளும் எங்கே படுக்கிறார்கள்? கோயில் வீதியிலும் மடத்திலும் பாடசாலையிலும்தான். ஒவ்வொரு ஊரும் ஓர் இரவைப் பொறுப்பெடுக்கிறது.

இதில் நான் கண்ட பெரிய ஏற்பாடு மடு மாதா கோயில். அப்பா ஒவ்வொரு ஆவணித் திருவிழாவுக்கும் கொட்டாஞ்சேனைக் குடும்பங்களை மடுவுக்கு ஏற்றிப் போவார், விடுமுறை என்றால் நானும் தொற்றிக்கொள்வேன். நாங்கள் சைவம், அப்பா நெற்றியில் திருநீறோடு ஓட்டுவார், பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு வருவார்கள். மடு வீதிச் சந்தியில் திரும்பினால் காடு. காட்டுக்குள்ளே ஒரு பட்டணம். லொறிகளைப் பின்புறமாக நிறுத்தி, பக்கப் பலகையை இறக்கி, தறப்பாள் இழுத்துக் கட்டினால் அது அறை. மூன்று கல் வைத்தால் குசினி. கற்பிட்டியிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வந்த சிங்களக் குடும்பங்கள் ஒரு பக்கம், மன்னார், யாழ்ப்பாணத் தமிழர்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரே பைப். இலட்சக்கணக்கான சனம் நாள்கணக்கில் அங்கே வாழ்ந்தது. சண்டை வந்து நான் கண்டதில்லை. எங்கே லொறி விடலாம், எங்கே தண்ணீர், எங்கே கக்கூஸ், எங்கே அடுப்பு மூட்டக்கூடாது என்று கோயிலார் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். திரும்பும்போது ஒவ்வொருவரும் மடு மண்ணில் ஒரு பிடி முடிந்து கொண்டுபோவார்கள், பாம்பு விஷத்துக்கு மருந்தென்று.

அந்தத் திருத்தலமே இடம்பெயர்ந்தவர்கள் உண்டாக்கியது. 1670 அளவில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. 1990களில் அதே வளவு அகதிகளுக்கு முகாமாயிற்று. 1999 கார்த்திகையில் அங்கே தஞ்சமிருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். 2008 இல் சொரூபமே இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்தது. 2015 தையில் பாப்பரசர் பிரான்சிஸ் அந்த வளவுக்குத்தான் வந்தார். உல்லாசமாகப் போகிறவனுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: நிற்க நிலம், குடிக்கத் தண்ணீர், மறைவாக ஒதுங்க ஓர் இடம். மடு இரண்டு பேருக்கும் அதைக் கொடுத்தது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஒவ்வொரு ஊருக்கும் நீங்கள் சங்கம் வைத்திருக்கிறீர்கள். கோபுரம் கட்ட அனுப்பினீர்கள், பாடசாலைக்கு மாடி எழுப்ப அனுப்பினீர்கள், தேர்முட்டிக்கு அனுப்பினீர்கள். அந்தக் கை வெறுங்கை அல்ல. அதில் ஒரு சிறு பங்கை ஊரில் ஒரு தரிப்பிடத்துக்கு எடுத்து வையுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்தாறு வேன் நிற்க மக்கி போட்ட நிலம். பம்போடு கிணறு. அடியும் சுவரும் சீமெந்து பூசி மூடிய கழிவுத் தொட்டி, அதில் உங்கள் பெட்டியை ஊற்ற ஒரு வாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் கக்கூஸ், உள்ளே கொளுக்கி, வெளியே வெளிச்சம். பிரதேச சபையில் கேட்டு அனுமதி எடுத்தால், தொட்டி நிரம்பும்போது சபையின் கலி பவுசர் வந்து உறிஞ்சும். இரவுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் எழுதி மாட்டுங்கள், அந்தக் காசு நிலையத்துக்கே போகட்டும். விடிய அப்பம் சுட்டு விற்க ஒருத்தி வருவாள். அது அவளுடைய வருமானம்.

இது வீட்டு வண்டிக்காரருக்கு மட்டும் பயன்படும் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்து வெங்காயத்தைத் தம்புள்ளைக்கு ஏற்றிப்போகும் லொறிக்காரன் வீதியோரத்தில் சில்லுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறான். வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறும் பெண்கள் பின்னேரம் தொடங்கியே தண்ணீர் குடிப்பதில்லை, வழியில் இறங்க நல்ல இடமில்லை என்று. என் மனைவி எத்தனையோ தரம் அப்படிப் போய் வந்திருக்கிறாள். நீங்கள் உங்கள் வண்டிக்காகக் கட்டும் இடத்தில் அவளும் இறங்குவாள்.

யாழ்ப்பாணத்தில் இது ஏன் அவசரம் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியில் பெய்வது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் வருடம் முழுக்க அள்ளுகிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முழுக் குடாநாடும் அப்படித்தான். கல்லில் ஓட்டை இருக்கிறது. நீங்கள் இருட்டில், ஆளில்லாத வளவொன்றின் மூலையில் உங்கள் கழிவுப் பெட்டியைத் திறந்து ஊற்றினால், அது வடிகட்டப்படாமல் போய் யாரோ ஒருவருடைய கிணற்றில் ஏறும். சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் வந்தபோது சனங்கள் வாளியோடு பவுசருக்குக் காத்து நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். தயவுசெய்து தோட்டத்திலும் கடற்கரையிலும் குளக்கட்டிலும் ஊற்றாதீர்கள். நிரம்பிவிட்டால் எனக்கு ஒரு கோல் எடுங்கள், எந்த ஊரானாலும் தெரிந்த ஒருவரைப் பிடித்து வழி சொல்கிறேன்.

கடற்கரை என்றதும் இன்னொன்று. முல்லைத்தீவுக் கரையிலும் திருகோணமலைப் பக்கமும் மணல் வெறுமையாகக் கிடக்கிறது என்று வண்டியை இறக்கிவிடுகிறார்கள். அது வெறும் மணல் அல்ல, கரைவலைப் பாடு. இந்தத் துண்டு இந்தச் சம்மாட்டிக்கு என்று பரம்பரையாகப் பிரித்தது. விடிய நாலரைக்கு வலை வளைத்துவிட்டு இழுக்க வரும்போது நடுவில் உங்கள் வேன் நின்றால் அன்றைய உழைப்புப் போச்சு. வாடியில் போய்க் கேளுங்கள். "இஞ்ச விடாதேங்கோ, அங்கால விடுங்கோ" என்று இடம் காட்டுவார்கள், பெரும்பாலும் கறிக்கு மீனும் தருவார்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. இங்கே இடது பக்கம் ஓட்டம், ஸ்டியரிங் வலது பக்கம். சுவிஸிலும் கனடாவிலும் ஓடிப் பழகியவர்கள் முதல் இரண்டு நாள் ஒரு ட்ரைவரை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது, இலங்கையின் அனுமதியும் வேண்டும். 2025 ஆவணியிலிருந்து கட்டுநாயக்கவில் இறங்கியவுடனேயே அதை எடுக்கலாம். ஹபரணை தாண்டித் திருகோணமலைக்குப் போகும் காட்டு வழியில் இரவு தங்கவே தங்காதீர்கள், உங்கள் குசினியில் இருக்கும் வாழைப்பழத்தை யானை மோப்பம் பிடிக்கும், வேனின் தகரம் அதற்கு ஒரு பொருட்டல்ல. முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியவில்லை, சிவப்புப் பலகை கண்டால் வீதியை விட்டு ஓர் அடியும் இறங்கவேண்டாம். மலைநாட்டில் வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே நிற்பாட்டாதீர்கள். 2025 கார்த்திகையில் டித்வா புயல் ஒரே இரவில் என்ன செய்தது என்று கண்டோம். காஸ் சிலிண்டரைப் படுக்கைக்குக் கீழே வைக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள், நான் வைத்துத் தரமாட்டேன். வெளியே திறக்கும் தனி அறை, அடியில் காற்றுப் போக ஓட்டை, அப்படித்தான் செய்வேன். ஐரோப்பிய வண்டியின் படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றும் கேட்கவேண்டாம், அது குளிரை வெளியே நிறுத்தக் கட்டியது. எங்களுக்கு வேண்டியது காற்று. நாலு பக்கமும் யன்னல், நுளம்பு வலை, கூரைக்கு மேலே இன்னொரு நிழல் கூரை. மத்தியானத்தில் மரநிழல் இல்லாமல் ஒரு வண்டியும் உதவாது.

முறிகண்டியில் கட்டாயம் நிற்பாட்டுங்கள். ஏ9 வீதியில் போகும் பஸ், லொறி, கார் எல்லாம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். ஓட்டுகிறவன் எந்தச் சமயம் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுங்கள், சுடச் சுடக் கடதாசிச் சுருளில் தருவார்கள். அந்தப் பத்து நிமிடம் உங்கள் பிள்ளைகள் மற்றப் பயணிகளோடு ஒன்றாக நிற்பார்கள். வண்டிக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

சூரிச் மருமகளுக்கும் இதில்தான் பதில். பிள்ளை, கரைச்சல் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா பிறந்த வீட்டு முற்றத்தில் ஒரு வேன் நிற்கத் தாராளமாய் இடம் இருக்கிறது. நான் போய் அளந்து பார்த்தேன், மாமரத்துக் கிளை ஒன்றை மட்டும் வெட்ட வேண்டும். பெரியம்மா கிணற்றடியை இறைத்துக் கழுவி வைத்திருக்கிறார். நீங்கள் வண்டிக்குள்ளேயே படுங்கள், அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. காலையில் தேத்தண்ணி கொண்டுவந்து தட்ட எந்தப் பக்கக் கதவு என்று மட்டும் கேட்டார்.

வேனின் கட்டில் வேலை முடிந்துவிட்டது. தண்ணீர்த் தாங்கி 60 லீற்றர், போதாதென்று தெரிந்து பின்கதவோரம் ஒரு குடம் வைக்கவும் வளையம் அடித்திருக்கிறேன். ஆவணி 15 மடுத் திருவிழா. 12 ஆம் திகதி விடிய நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனை லூசியாஸ் கோயிலடியிலிருந்து மூன்று வேன் சேர்ந்து வெளிக்கிடுகிறோம். இன்னும் இரண்டு குடும்பத்துக்கு இடமிருக்கிறது. வருகிறவர்கள் இந்த மாத முடிவுக்குள் சொல்லுங்கள். பாயும் ஒரு தறப்பாளும் உங்களோடு கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கொம்பனித்தெருவிலிருந்து உங்கள் வேன்காரன்